சிரித்த முகத்தோடு அனுப்புங்கள்

இட்லியைப் பிட்டு, சட்னியில் தோய்த்து, கணவனின் வாயருகே கொண்டுபோன கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மடியிலிருந்த தட்டைக் காணோம். மாமியார் சாமுண்டீஸ்வரி அதைப் பிடுங்கிக்கொண்டு நின்றாள்.

"புள்ளைக்கு நான் ஊட்டிக்கிறேன். நீ எய்ந்து உள்ள போ."

அனுசுயா எழுந்திருக்கவில்லை. விரலிடுக்கிலிருந்த துண்டை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. வெற்றிச்செல்வன் திறந்த வாயை மூடாமல் இருந்தான். வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சேர்ந்து சிரித்திருக்கலாம்.

"இன்னாம்மா நீ, காலங்காத்தால..."

"காலங்காத்தாலதான்டா அன்னிக்கும் இவ மூஞ்சில முயிச்சிட்டு வேலைக்குப் போன. போனவன் பத்து விரலோடயா திரும்பி வந்த? இவ கையால துன்னது போதும் நைனா. ஜோசியரு இன்னா சொன்னாரு? ஆடி தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீய இருக்கக் கூடாதுன்னாரு. வர்ற திங்கக்கெயம இவள மாங்காட்ல அவங்கம்மா ஊட்டாண்ட கொண்டுபோயி வுட்டுட்டு வா."

வெற்றிச்செல்வன் சுவரைப் பார்த்தான். அம்மா ஊட்டிய இட்லியை மென்றான்.

ஆவணியில் கல்யாணம். மாசியில் விரல் போயிற்று. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்சந்து ஒன்றில், இரும்புத் தகட்டை அழுத்தி வண்டி உதிரிபாகங்கள் செய்யும் சின்ன பிரஸ் ஷாப்பில் அவனுக்கு வேலை. பிரஸ் இறங்கியபோது விரல் உள்ளே இருந்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் சேதி கோவில்பதாகை வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பிரஸ் எங்கோ வழியில் இறங்கிக்கொண்டுவிட்டது. 'புதுப்பொண்ணு வந்த நேரம்' மட்டும்தான் தெருவுக்குள் நுழைந்தது. கம்பெனியிலும் அன்று சாயங்காலமே ரத்தத்தைக் கழுவி, மெஷினுக்குக் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, அடுத்த ஷிஃப்டை ஓட்டிவிட்டார்கள்.

அன்று காலை அவர்களுக்குள் ஒரு சின்னச் சண்டை நடந்திருந்தது. சண்டை என்று சொல்வதே பெரிய வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டுக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, காமாட்சி கோயிலுக்கும் போய்வரலாம் என்று சொல்லியிருந்தவன், ஓவர்டைம் இருக்கிறது என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிபன் டப்பாவை நங்கென்று வைத்தாள். "கோவத்துல சாம்பார்ல காரம் ஜாஸ்தி போட்டியா?" என்று கேட்டான். "சாப்ட்டுப் பாருங்க, தெரியும்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினான். புதிதாகக் கல்யாணமான இரண்டு பேர் நடுவில் நடக்கிற அந்த விளையாட்டு, சாயங்காலம் ஒரு முழம் மல்லிகைப் பூவில் முடிந்திருக்க வேண்டியது. பக்கத்து வீட்டுச் சரசாவின் காதில் அந்த 'நங்' மட்டும் விழுந்திருந்தது. மறுநாளே அது தெருவின் கடைசி வீடுவரை போய்விட்டது.

மாமியார் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் போனதும் அனுசுயா கணவனின் அருகில் வந்து உட்கார்ந்தாள். ஈரத் துணியால் அவன் வாயோரத்துச் சட்னியைத் துடைத்தாள்.

"மாமா, அந்த பிரஸ்ஸு எப்படி எறங்குச்சின்னு அத்தகிட்ட ஒரு தடவ சொல்லக் கூடாதா?"

"சொன்னா அதுக்குப் புரியுமா?"

"எனக்குச் சொன்னீங்களே, புரிஞ்சிதே."

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்தின் போதை இறங்கிக்கொண்டிருந்தபோது சொல்லியிருந்தான். அந்த மெஷினில் இரண்டு பக்கமும் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே போக வழியில்லை. அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஷாப்பில் எந்த மெஷினிலும் இரண்டு பட்டனையும் யாரும் அமுக்குவதில்லை. ஒரு பட்டனை எப்போதும் அமுங்கியபடியே இருக்கும்படி பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இடது கை இன்னொரு பட்டனில். வலது கை தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேலை பறக்கும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு மேஸ்திரி முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே டியூப் கட்டுகிற வித்தையைத்தான்.

"எம் மெஷின்ல கட்னது யாரு? நான்தானே அனு" என்றான் வெற்றிச்செல்வன் இப்போது. "டியூப் கட்டாத ஓட்னா மேஸ்திரி கேக்கற பீஸு வராது. வரலன்னா, 'இன்னா மாமே, மாமியா ஊட்டு விருந்துக்கா வந்துகீற'ன்னு எல்லார் எதுர்லயும் கேப்பாரு. உண்மையச் சொல்லப்போனா, கட்னவன் நீதானேன்னு எம்மேலயே திருப்புவாங்க. மொதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே சொல்லிட்டாரு. மனசு வேற எங்கயோ இருந்திச்சின்னு சொல்லிடு, கை ஆறினதும் ஸ்டோர்ல ஒக்கார வெக்கிறேன், தம்பிக்கும் வேல தர்றேன்னு."

"அந்த வேற எங்கயோன்றது நான்தானா?"

அவன் இடது கையால் அவள் காதோரத்து முடியை ஒதுக்கினான். பழக்கமில்லாத கை, தோடில் பட்டு வலித்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

அன்பு இல்லாதவன் இல்லை அவன். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு கெட்டவனிடம் மாட்டிக்கொண்டிருந்தால் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருப்பாள்.

அந்த வாரம் பாதுகாப்பு வாரம். எஸ்டேட் முழுக்கப் பச்சைக் கொடிகள். தொழிற்பாதுகாப்பு வல்லுநர் சங்கம் என்று ஒன்று அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வகுப்புகள் நடத்திக்கொண்டிருந்தது. எல்லாரும் படித்துப் பட்டம் வாங்கி, பெரிய தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரிகளாக இருப்பவர்கள். சம்பளம் வாங்காமல் லீவு நாளில் வந்து பேசுகிறவர்கள். அதிலிருந்து ஒருவர், ஸ்ரீகாந்த் என்று பேர், மறுநாள் வீட்டுக்கே வந்தார். அடிபட்டவரை நேரில் பார்த்துப் பேசுவது எங்கள் வழக்கம் என்றார்.

வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். நீட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த டீயை முகம் சுளிக்காமல் குடித்தார். வெற்றிச்செல்வனின் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "ராத்திரி தூக்கம் வருதா? இல்லாத விரல் வலிக்கிற மாதிரி இருக்குமே" என்றார். அந்த ஒரு கேள்வியில் அனுசுயாவுக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

கட்டியது யார் என்று சொல்லக் கூடாது என்று கணவனிடம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தாள். அதனால் கவனமாகப் பேசினாள். "சார், அங்க எல்லா மெஷின்லயும் ஒரு பட்டன கட்டி வெச்சிருக்காங்க. கட்டாம இருந்தா இது நடந்திருக்காது. அத நீங்க போய்ப் பாருங்க சார்."

ஸ்ரீகாந்த் டம்ளரைக் கீழே வைத்தார். "கட்டியா? எதால?"

"சைக்கிள் டியூபால."

அவர் வெற்றிச்செல்வனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். "சரி" என்று மெதுவாகத் தலையாட்டினார். பிறகு, "அன்னிக்கு வேலைக்குக் கிளம்பும்போது உடம்பு, மனசு எல்லாம் நல்லா இருந்தாரா?" என்று கேட்டார்.

அனுசுயாவுக்கு ஒளிக்கத் தோன்றவில்லை. நல்ல மனுஷர் கேட்கிறார். மாங்காட்டுப் பயணத்தையும் டிபன் டப்பாவையும் சாம்பார்க் காரத்தையும் சொன்னாள். சொல்லும்போது வெட்கத்தில் லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. அவரும் சிரித்தார். "எங்க வீட்லயும் அதேதான்மா" என்றார்.

உள்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி அப்போதுதான் முன்னால் வந்தாள்.

"சார், நான் நாலெயுத்து படிச்சவ இல்ல. இவன் மொதலாளி ஹேமநாதன் கீறாரே, அவரு நைனா வயல்ல நாத்து நட்டவ. அந்த வயலுதான் இப்ப கம்பெனி. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. இது இவ ராசியா, இல்லியா?"

"ராசின்னு ஒண்ணு கிடையாதும்மா. ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் எங்க வேலையே. ஞாயித்துக்கிழமை பாடியில குடும்ப விழா வெச்சிருக்கோம். எல்லாரும் வாங்க. விபத்து எதனால வருதுன்னு அங்க தெளிவா சொல்லப்போறேன்."

சாமுண்டீஸ்வரி அவர் முகத்தையே பார்த்தாள். "சரி. அம்மாம் பேரு எதுர்ல நீங்க சொல்றத நான் கேட்டுக்கறேன். மிசின்தான் காரணம்னு சொல்லிட்டீங்கன்னா, இவள நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். மாங்காட்டுக்கும் அனுப்ப மாட்டேன். அந்தக் காமாட்சி மேல ஆண."

அவர் போனபின் மாமியாரும் மருமகளும் சேர்ந்து கீரை ஆய்ந்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு. சாமுண்டீஸ்வரி தண்டைக் கிள்ளிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "வெற்றி அப்பா லோடு வண்டிலேந்து வியுந்து செத்தப்ப என் மாமியாக்காரி, என் ராசின்னுதான் சொன்னா. ஊரே சொல்லிச்சி. ஆமான்னு தல ஆட்டிக்கினேன். இல்லன்னு சொல்றதுக்கு என் கையில இன்னா இருந்திச்சி?"

அனுசுயா கீரையிலிருந்து தலை தூக்கவில்லை. இந்த முறை கையில் ஒன்று இருக்கிறது அத்தே, என்று சொல்லிக்கொண்டாள், மனசுக்குள்.

ஞாயிற்றுக்கிழமை பாடி மேம்பாலத்தை ஒட்டிய கல்யாண மண்டபம் கல்யாணக் களையோடுதான் இருந்தது. வாசலில் வாழைமரம், பன்னீர், சந்தனம். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். 'குடும்பமே முதல் கவசம்.' வந்த பெண்களுக்கெல்லாம் தலைக்கு ஒரு முழம் பூவும், போகும்போது எவர்சில்வர் டிபன் டப்பாவும். விழாக் குழுத் தலைவர் என்று அட்டை மாட்டிய நாற்காலியில் முதலாளி ஹேமநாதன் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். மண்டப வாடகை, சாப்பாடு, டப்பா எல்லாம் அவர் உபயம்.

வெற்றிச்செல்வனுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். அவனுக்கு ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அனுசுயா. தம்பி பாண்டியன், போன வாரம்தான் அந்தக் கம்பெனியில் பேக்கிங்கில் சேர்ந்தவன், பின்னால் கூட்டாளிகளோடு நின்றான். "அண்ணி, பிரியாணியாம். சீக்கிரம் பேசி முடிக்கச் சொல்லுங்க" என்று குனிந்து காதில் சொல்லிவிட்டுப் போனான்.

ஸ்ரீகாந்த் மைக்கைப் பிடித்தார். மேடையில் இன்னும் நன்றாகப் பேசினார்.

"விபத்துங்கிறது விதி இல்லை. கண் திருஷ்டி இல்லை. கெட்ட நேரமும் இல்லை. ஒவ்வொரு விபத்துக்கும் பின்னால ஒரு காரணம் இருக்கு."

அனுசுயா கணவனின் இடது கையைப் பற்றினாள். சாமுண்டீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் காரணம் பெரும்பாலும் எந்திரத்துல இல்லை. மனுஷனோட மனசுல இருக்கு."

திரையில் ஒரு கேலிப்படம் வந்தது. கரண்டியோடு நிற்கும் பெண்ணின் முகத்தில் கோபம். மெஷின் முன்னால் நிற்கும் ஆணின் தலைக்குமேல் ஒரு மேகம். மேகத்துக்குள்ளே அதே பெண், அதே கரண்டி. மண்டபம் சிரித்தது.

"ஒரு உண்மைச் சம்பவம் சொல்றேன். பேர் வேண்டாம். புதுசா கல்யாணமான ஒரு தம்பி. அருமையான தொழிலாளி. ஒரு நாள் காலையில வீட்ல சின்னதா ஒரு மனஸ்தாபம். அம்மா வீட்டுக்குப் போகணும்னு மனைவி கேக்கறாங்க. டிபன் டப்பா நங்னு வைக்கப்படுது. தம்பி கம்பெனிக்கு வந்துட்டார். அவர் மனசு வரலை. அது வீட்லயே நின்னுடுச்சு. மனசு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒரு நொடிதான். ரெண்டு விரல்."

சிரிப்பு நின்றது. பேர் சொல்லவில்லைதான். ஆனால் மண்டபத்தில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக முன்வரிசையை நோக்கித் திரும்பின. முதலில் கட்டுப்போட்ட கையைப் பார்த்தன. பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தன.

"அதனால, சகோதரிகளே, உங்க கைலதான் எல்லாம் இருக்கு. காலையில சண்டை வேண்டாம், கேள்வி வேண்டாம். சிரித்த முகத்தோடு அனுப்புங்கள்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அனுசுயா கணவனைப் பார்த்தாள். அவன் காதுவரை சிவந்திருந்தான். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேடையிலிருந்து ஹேமநாதன் அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி. அவனும் அசைத்தான்.

சாமுண்டீஸ்வரியின் குரலில் வெற்றிக் களிப்பு ஒன்றும் இல்லை. ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "கேட்டுக்கினியா? நான் ராசின்னேன். அவரு மனசுன்றாரு. ரெண்டும் ஒண்ணுதானே? படிச்சவங்க நாகரீகமா சொல்றாங்க."

அடுத்து உறுதிமொழி. பெண்கள் எல்லாரும் எழுந்து வலது கையை நீட்டிச் சொல்ல வேண்டும். ஹேமநாதனுக்கு அன்று தாராள மனசு. மைக்கை வாங்கி, "நம்ம வெற்றியோட சம்சாரம் மேடைக்கு வந்து வாசிக்கட்டும். அந்தப் பொண்ணு மனசுக்கும் ஆறுதலா இருக்கும்" என்றார்.

யாரோ அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். உறுதிமொழித் தாளைக் கையில் கொடுத்தார்கள். 'என் கணவர் மன அமைதியோடு பணிக்குச் செல்லத் துணை நிற்பேன்' என்று ஆரம்பித்தது. எதிரே நீட்டிய கைகள். தலை நிறையப் பூ. அவள் தாளை மைக் ஸ்டாண்டின் மேல் வைத்தாள்.

"வாசிக்கிறேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன்." குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அந்த மெஷின்ல பட்டன சைக்கிள் டியூப் போட்டுக் கட்டி வெச்சிருந்தீங்களே. அத அவுத்துட்டீங்களா?"

நீட்டிய கைகள் சில தாழ்ந்தன. கடைசி வரிசையில், பையன்கள் நின்ற இடத்தில், ஒருவன் படீரென்று கைதட்ட ஆரம்பித்து, தனியாகத் தட்டுகிறோம் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். ஸ்ரீகாந்த் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார்.

ஹேமநாதன் சிரித்தபடி எழுந்து வந்தார். அவள் தோளுக்கு மேலாக மைக்கில் குனிந்தார்.

"பாத்தீங்களா? எவ்ளோ அக்கற! இந்த மாதிரி அக்கறை ஒவ்வொரு வீட்லயும் இருந்துட்டா நாட்ல விபத்தே நடக்காது. பொண்ணுக்கு எல்லாரும் ஜோரா ஒரு கைதட்டு கொடுங்க!"

கொடுத்தார்கள். முன்னைவிடப் பலமாக. அவள் கேட்ட கேள்வி அந்தச் சத்தத்துக்குள் விழுந்து, மூழ்கி, தடமில்லாமல் போயிற்று. இறங்கும்போது பாதிப் பேர் அவளைப் பாராட்டுகிற மாதிரி சிரித்தார்கள். உறுதிமொழியை வேறொரு பெண் வந்து வாசித்தாள். அதன்பின் விழிப்புணர்வில் சிறந்த சிறு தொழிற்சாலைக்கான கேடயத்தைச் சங்கம் ஹேமநாதனுக்கு வழங்கியது.

கை கழுவுகிற இடத்தில் ஸ்ரீகாந்த் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு டிபன் டப்பா.

"இதை வாங்காமலே போறீங்களேம்மா."

"நான் நம்பிச் சொன்னத வெச்சே என்னைக் கட்டிட்டீங்களே சார்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் போய்ப் பார்த்தேன். டியூப் இருந்தது. எடுக்கச் சொன்னேன். முதலாளி சிரிச்சார். எங்க சங்கத்துக்கு அதிகாரம்னு ஒண்ணும் இல்லம்மா, எடுத்துச் சொல்லத்தான் முடியும். நாங்க எந்திரத்தைப் பத்திப் பேசினா கேட்டோட நிறுத்திடுவாங்க. மனுஷங்களைப் பத்திப் பேசினாதான் உள்ள விடுவாங்க. உள்ள போனாத்தானே ஏதாவது செய்ய முடியும்?"

"உள்ள போய் இன்னா சார் செஞ்சீங்க?"

அவர் நல்லவர், பொய் சொல்ல வரவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கையை நீட்டி அதை மூடினார். அதற்குள் சாமுண்டீஸ்வரி வந்து, "குடுங்க சார், நான் வாங்கிக்கறேன்" என்று டப்பாவைப் பெற்றுக்கொண்டு, அவருக்குக் கும்பிடு போட்டாள். "நீங்க நல்லாருக்கணும் சார். எங் கண்ணத் தொறந்துட்டீங்க."

திங்கட்கிழமை ஆவடி பஸ் நிலையத்தில் பூந்தமல்லி வண்டிக்காக நின்றார்கள். பையை வெற்றிச்செல்வன் இடது கையில் தூக்கி வந்திருந்தான். அவள் கேட்டும் தரவில்லை. பூந்தமல்லியில் அவள் தம்பி வந்து மாங்காட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு.

"ஆடி முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கினு வர்றேன். அம்மா ஒத்துக்காட்டியும் வருவேன்."

"வருவீங்க மாமா. தெரியும்."

"போன் பண்ணு. தெனமும்."

"சரி."

அவள் அவன் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். ஒரு கையால் அவனுக்கு அது இன்னும் வரவில்லை. இனி யார் போட்டுவிடுவார்கள் என்று நினைத்ததும் கண் கலங்கியது. அவன் அதைப் பார்த்துவிட்டான். ஏதாவது நல்ல சேதி சொல்லி அவளைத் தேற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் அனு. பாண்டியனுக்கு பேக்கிங் இல்ல இனிமே. சம்பளம் ஜாஸ்தி. இன்னிலேந்து என் மெஷின அவனுக்குக் குட்த்துட்டாரு மொதலாளி."

அவள் கை அவன் காலரிலேயே நின்றது. "டியூப்?"

"அது இல்லாத எப்பிடி அனு..." என்று இழுத்தவன், அவள் முகம் மாறியதைப் பார்த்துப் பதறினான். "அய்ய, பயப்படாத. அம்மா தேங்கா சுத்தி ஒடச்சிட்டு, காலீல சந்தோசமா அனுப்சி வெச்சிச்சி. அவனுக்கு ஒண்ணும் ஆவாது. அதான் நீ மாங்காட்டுக்குப் பூட்டியே."

ஆறுதலாகத்தான் சொன்னான். பஸ் வந்தது. அவளை ஏற்றி, ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொடுத்து, வண்டி நகரும்வரை கீழே நின்று இடது கையை ஆட்டினான்.

பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் அனுசுயா போனை எடுத்துவிட்டாள். பாண்டியனிடம் நேராகவே சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். அண்ணன் சொல்ல மாட்டான், அம்மா சொல்ல மாட்டாள், படித்தவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னால் கேட்பான்; பிள்ளை நல்ல பிள்ளை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கிற மாதிரி தெரியவில்லை. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தான்.

"அண்ணி! சொல்லுங்க அண்ணி, பஸ்ஸு கெடச்சிச்சா?"

குரலுக்குப் பின்னால் பிரஸ்ஸின் இடி. ஒன்று விழுந்து அடங்குவதற்குள் அடுத்தது. இரண்டு கையாலும் அமுக்கினால் அந்த வேகம் வராது.

"பாண்டியா, நீ இப்ப எங்க இருக்க?"

"மெஷின்லதான் அண்ணி. காதுல இடுக்கிக்கினு பேசறேன், நீங்க சொல்லுங்க, இன்னா அவசரம்?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். காது தன்னிடம் இருக்கும். கை உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும்.

"ஒண்ணுமில்ல நைனா" என்று அவசரமாகப் போனைத் துண்டித்தாள்.